ஊசியிலைக் காட்டில் கண்ட பழுப்புக் காளான்: இது எந்த இனம்?

பைன்நிழல்:
வணக்கம். பைனும் ஸ்ப்ரூஸும் கலந்து வளர்ந்த காட்டில் இந்தக் காளானைப் பார்த்தேன். நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன். குடை 14 செ.மீ. அகலம் இருக்கும். மேலே பழுப்பு நிறம், நடுவில் லேசான குழிவு, ஓரம் உள்பக்கமாக நன்றாகச் சுருண்டிருக்கிறது. தொட்டால் பிசுபிசுப்பு இல்லை. உலர்ந்து மெத்தென்று இருக்கிறது. ஒரே இடத்தில் மூன்று நின்றன. மழை பெய்து வெகுநாளாகிவிட்டதால் சுற்றிலும் வேறு காளான் ஒன்றுகூட இல்லை. இது மட்டும் எப்படி முளைத்தது என்றே புரியவில்லை.

அலைபேசிச் செயலியில் போட்டுப் பார்த்தேன். முதல் படத்துக்கு பாக்ஸில்லஸ் இன்வொலூட்டஸ் என்றது. இரண்டாவது படத்துக்கு ஏதோ ஒரு லாக்டேரியஸ் என்றது. இரண்டும் ஒரே காளானின் படம்தான்! சாப்பிடும் எண்ணமெல்லாம் இல்லை, பெயர் தெரிந்தால் போதும்.

குடைக்காரன்:
செயலி முதலில் சொன்னதே சரி. பழுப்புக் குடை, சுருண்ட ஓரம், நடுவில் குழிவு என்று எல்லாம் பொருந்துகிறது. பாக்ஸில்லஸ் இன்வொலூட்டஸ் கடும் விஷம். கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

நுண்ணோக்கி:
கொஞ்சம் பொறுங்கள். காளானைத் தொட்டதால் யாருக்கும் விஷம் ஏறாது; அந்தப் பயம் வேண்டாம். கை கழுவுவது எப்போதும் நல்லதுதான், அது வேறு விஷயம்.

பைன்நிழல், நீங்கள் போட்ட நான்கு படமும் மேலிருந்து எடுத்தவை. பழுப்புக் குடையும் சுருண்ட ஓரமும் உள்ள காளான்கள் ஊசியிலைக் காட்டில் ஏராளம். குடையின் மேல்புறத்தை மட்டும் பார்த்து இனம் சொல்வது குருட்டு யோசனை, செயலி சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி. அடிப்பக்கம் எப்படி இருக்கிறது? செவுள்கள், அதாவது குடைக்கு அடியில் வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகள், தண்டை எட்டாமல் நிற்கின்றனவா, தண்டின் மேல் இறங்கி ஓடுகின்றனவா? தண்டு நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கமாகவா, அதன் மேற்பரப்பு எப்படி? வெட்டினால் பால் வடிகிறதா? செவுளை விரலால் அழுத்தினால் நிறம் மாறுகிறதா?

எல்லாவற்றையும்விட முக்கியம், அது எதிலிருந்து முளைத்தது என்பது. மண்ணிலிருந்தா, மரத்திலிருந்தா? மண் என்று தோன்றினாலும் ஊசியிலைச் சருகை விலக்கிப் பாருங்கள்.

பைன்நிழல்:
திரும்பப் போய்ப் பார்த்தேன். ஒன்றை வெட்டி எடுத்தும் வந்தேன்.

தண்டு குட்டையாக, தடிமனாக இருக்கிறது. குடையின் நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அதன் மேல் கறுப்பு கலந்த அடர்பழுப்பில் வெல்வெட் மாதிரி அடர்த்தியான ரோமம், விரலை மேலும் கீழும் ஓட்டினால் சாயல் மாறுவது தெரிகிறது. செவுள்கள் வெளிர்மஞ்சள், தண்டின் மேல் கொஞ்ச தூரம் இறங்குகின்றன, தண்டுக்கு அருகில் இரண்டு இரண்டாகப் பிரிகின்றன. அழுத்தினால் கறை எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. பாலும் வரவில்லை.

சருகை விலக்கினேன். நீங்கள் கேட்டது சரி, கீழே எப்போதோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டை புதைந்து கிடக்கிறது. மண்ணில் நிற்பதாக நினைத்த மூன்றும் அதிலிருந்துதான் வருகின்றன. கட்டை பழுப்பாகி, விரலால் தட்டினால் சின்னச் சின்னக் கனசதுரங்களாக உதிர்கிறது. இப்போது அடிப்பக்கத்தின் படங்களும் இணைத்திருக்கிறேன்.

நுண்ணோக்கி:
அருமை. இந்த விவரம் போதும். என் பார்வையில் இது டாப்பினெல்லா அட்ரோடொமென்டோசா. ஸ்போரின் (செவுளிலிருந்து உதிரும், விதைபோன்ற நுண்தூள்) நிறம் மட்டும் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று எழுதிவிடுகிறேன்.

தண்டுதான் முதல் சாட்சி. தடித்த, ஒதுங்கி நிற்கும், கருவெல்வெட் போர்த்திய தண்டும் தண்டில் இறங்கும் வெளிர்மஞ்சள் செவுளும் ஒன்றாக உள்ள பழுப்புக் காளான் ஊசியிலை அடிக்கட்டையில் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. பாக்ஸில்லஸ் இன்வொலூட்டஸின் தண்டு குடையின் நிறத்திலேயே, வெல்வெட் இல்லாமல், அநேகமாக நடுவில் இருக்கும். அதன் செவுளை அழுத்தினால் உடனே செம்பழுப்புக் கறை படியும். உங்கள் காளானில் அப்படி இல்லை. ஈரமான நாளில் பாக்ஸில்லஸின் குடை பிசுபிசுக்கும், டாப்பினெல்லா நனைந்தாலும் அப்படி ஆவதில்லை. நல்ல வளர்ச்சியில் குடை 25 செ.மீ. தாண்டுவதும் உண்டு, உங்களுடையது நடுத்தரம்.

இரண்டாவது சாட்சி அந்தக் கட்டை. பாக்ஸில்லஸ் உயிருள்ள மரங்களின் வேரோடு கூட்டு வைத்து வாழும் பூஞ்சை, பிர்ச்சிலிருந்து பைன் வரை பல மரங்களோடு. அதனால் பொதுவாக மண்ணிலிருந்து வரும். டாப்பினெல்லா மட்கு உண்ணி, செத்த ஊசியிலை மரத்தைத் தின்று வாழ்வது. கட்டை கனசதுரங்களாக உடைவதைப் பார்த்தீர்கள் அல்லவா, அதற்குப் பழுப்பு அழுகல் என்று பெயர். இந்தப் பூஞ்சை மரத்தின் செல்லுலோஸைக் கரைத்து உண்ணும், பழுப்பான லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். மிச்சமாகும் லிக்னின் சுருங்கி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சதுரச் சதுரமாக உதிரும். அந்தக் கட்டையைப் படம் எடுத்ததற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நிறையப் பேர் காளானை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மழை இல்லாமல் எப்படி முளைத்தது என்று கேட்டிருந்தீர்கள். புதைந்த பெரிய கட்டை ஈரத்தை வெகுநாள் தேக்கி வைக்கும். மற்றவை தலைகாட்டாத வறண்ட காலத்திலும் இது வருவது இந்த இனத்துக்கு வழக்கம்தான்.

வெட்டினால் பால் வடியும் லாக்டேரியஸ் சாத்தியமே இல்லை. பால் இல்லை, சதையும் சுண்ணாம்புபோல் உடையவில்லை.

இனி ஸ்போர் அச்சு. தண்டை முழுக்க வெட்டிவிட்டு, செவுள் கீழே இருக்கும்படி குடையை ஒரு காகிதத்தின் மேல் வையுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருந்தால் எந்த நிறமும் தெளிவாகத் தெரியும். மேலே ஒரு துளி தண்ணீர் விட்டு, ஒரு கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் செவுளின் வரிகளோடு தூள் படிந்திருக்கும்.

குடைக்காரன்:
என் கையில் இருக்கும் பழைய கையேட்டில் இதைப் பாக்ஸில்லஸ் அட்ரோடொமென்டோசஸ் என்றுதானே போட்டிருக்கிறது? அப்படியானால் இரண்டும் ஒரே குடும்பம், விஷமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

நூலகப்பூச்சி:
கையேடு அச்சான காலத்தைப் பொறுத்தது. இந்தக் காளானை முதலில் விவரித்தவர் ஜெர்மன் இயற்கையியலாளர் பாட்ஷ், 1783-இல். அப்போது செவுள் உள்ள காளான்கள் கிட்டத்தட்ட எல்லாமே அகாரிகஸ்தான், இதையும் அதில்தான் போட்டார். பிறகு ஸ்வீடனின் ஃப்ரைஸ் பாக்ஸில்லஸுக்கு மாற்றினார். டாப்பினெல்லா என்ற பேரினத்தை 1931-இல் கில்பெர்ட் ஏற்படுத்தினார். ஆனால் நம் காளானை அதற்குள் கொண்டுபோய் வைத்தது 1992-இல் ஷுட்டாரா. ஆக அதற்கு முந்தைய கையேடு என்றால் பாக்ஸில்லஸ் என்றுதான் இருக்கும், பிந்தைய சிலவற்றிலும் பழக்க தோஷத்தில் அப்படியே இருக்கும்.

இப்போது இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். பாக்ஸில்லஸ் பாக்ஸில்லேசியில், இது டாப்பினெல்லேசியில். பெரிய வரிசை மட்டும் ஒன்று, பொலிட்டேல்ஸ். அடியில் செவுளுக்குப் பதில் பஞ்சுபோன்ற துளைகள் உள்ள பொலிட்டஸ் வகைகள் இருக்கும் அதே வரிசை. செவுள் வைத்துக்கொண்டு இது அங்கே என்ன செய்கிறது என்று கேட்கலாம். பைன்நிழல், உங்களிடம் காளான் இன்னும் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். செவுள் அடுக்கை விரலால் ஓரத்திலிருந்து தள்ளிப் பாருங்கள். நனைந்த தபால்தலை உறையிலிருந்து கழல்வதுபோல் சதையை விட்டுக் கழன்று வரும். பொலிட்டஸின் துளை அடுக்கும் அப்படித்தான் கழலும். தண்டருகே செவுள்கள் கிளைத்து ஒன்றோடொன்று இணைவதும் அந்த உறவைக் காட்டுகிறது. எனக்கு இந்தக் காளானிலேயே பிடித்த விஷயம் இதுதான், வெல்வெட் தண்டுகூட இரண்டாம்பட்சம்.

பைன்நிழல்:
கழன்று வந்துவிட்டது! துண்டு துண்டாக இல்லை, ஒரு பட்டையாகவே வந்தது.

கரண்டி:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கிழக்கு ஐரோப்பாவில் சிலர் இதைச் சாப்பிடுவதாகப் படித்தேன். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். கையேடுகளோ உண்ணத் தகாதது என்கின்றன. எது உண்மை? பூச்சி அரித்த காளான் என்றால் ஆபத்து இல்லை என்றும் சொல்கிறார்களே?

நுண்ணோக்கி:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது ஆளைக் கொல்லும் நம்பிக்கை. நத்தைகளும் புழுக்களும் அமனிட்டா ஃபல்லாய்டஸையே தின்றுவிட்டு நலமாக ஊர்ந்து போகும். அது உலகில் காளானால் நேரும் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணமான இனம். பூச்சியின் உடல் வேறு, நம் ஈரல் வேறு.

சாப்பிட்டவர்கள் உண்டா என்றால் உண்டு. கிழக்கு ஐரோப்பாவின் சில பகுதிகளில் இளம் காளான்களை உண்டிருக்கிறார்கள். அதே நேரம் வயிற்றுக் கோளாறு ஏற்படுத்தியதாக ஐரோப்பிய நூல்களில் பதிவுகள் இருக்கின்றன. முற்றியது கசக்கும், மைவாடை அடிக்கும், சதை நார் நாராக இருக்கும். கையேட்டில் உண்ணத் தகாதது என்று போடுவதற்கு ஒரே பொருள் கிடையாது. சிலவற்றுக்குச் சுவை இல்லாததால் அப்படிப் போடுவார்கள், சிலவற்றுக்கு மென்று விழுங்க முடியாததால், இன்னும் சிலவற்றுக்கு யாரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காததால். இதற்கு மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் பொருந்தும். அந்தச் சொல்லை விஷமில்லை என்று படிப்பது தவறு.

வேகவைத்துக் கொட்டும் யோசனைக்குப் பாக்ஸில்லஸின் கதையே போதும். பாக்ஸில்லஸ் இன்வொலூட்டஸையும் மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் தலைமுறைகளாக வேகவைத்து உண்டார்கள், பலருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. யூலியஸ் ஷேஃபர் என்ற ஜெர்மன் பூஞ்சையியல் அறிஞர் 1944-இல் அதைச் சாப்பிட்டு, சிறுநீரகம் செயலிழந்து, 17 நாளில் இறந்தார். காளான்களை ஆராய்வதையே வேலையாக வைத்திருந்த மனிதர். பின்னாளில்தான் காரணம் தெளிவானது. அந்தக் காளானில் உள்ள ஒரு பொருளுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்கிறது. மீண்டும் மீண்டும் சாப்பிடும்போது ஏதோ ஒரு முறை அந்த எதிர்வினை வெடித்து, இரத்தச் சிவப்பணுக்களே உடைகின்றன. ஆக நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது நாளைக்கு உத்தரவாதம் இல்லை. வேகவைப்பதால் இந்த ஆபத்து போவதில்லை.

டாப்பினெல்லாவில் இதே எதிர்வினை உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பதற்கு இந்த இழையின் இரண்டாம் பதிவே போதும் (குடைக்காரன் கோபிக்க வேண்டாம்). கசப்பும் நாருமாக உள்ள ஒன்றுக்காக அந்த அபாயத்தை ஏற்பதில் எனக்குச் சுத்தமாக நியாயம் தெரியவில்லை.

குடைக்காரன்:
கோபமெல்லாம் இல்லை. கை கழுவச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

நூலகப்பூச்சி:
பூச்சி பற்றிய பேச்சு வந்ததால் ஒரு சேதி. இந்தக் காளானின் வேதியியல் தனி உலகம். இதன் பழுப்பு நிறமியான அட்ரோமென்டின் இந்த இனத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அது தவிர, பூச்சிகள் தோலுரிக்கத் தேவைப்படும் ஹார்மோனை ஒத்த எக்டிஸ்டீராய்டுகள் பலவற்றையும் இதிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஒஸ்முண்டாலாக்டோன் என்ற இன்னொரு பொருள் பழ ஈக்களை இதைத் தின்னவிடாமல் விரட்டுவது சோதனையில் தெரிந்தது. அதாவது பூச்சி அரிக்காத காளான் கெட்டது, அரித்தது நல்லது என்ற கணக்கு இரு பக்கமும் உதவாது. இது பூச்சியோடு தனக்கு இருக்கும் சண்டைக்காக வைத்திருக்கும் ஆயுதம், நம்மை மனதில் வைத்து அல்ல.

சாயப்பானை:
தூக்கி எறிய வேண்டாம்! கம்பளி நூலுக்குச் சாயம் போடுபவர்கள் தேடி அலையும் காளான் இது. நூலை இரும்பு உப்பில் ஊறவைத்துப் போட்டால் அடர்ந்த சாம்பல்பச்சை வரை கிடைக்கும், படிகாரத்தில் வேறு சாயல். முற்றிப்போய், கசந்து, வாடிய காளான்தான் இதற்குத் தாராளமாகப் போதும். துண்டுபோட்டு உலர்த்தியும் வைத்துக்கொள்ளலாம். சாயம் காய்ச்சும் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள், அது ஒன்றுதான் நிபந்தனை.

பைன்நிழல்:
ஸ்போர் அச்சு கிடைத்துவிட்டது. வெள்ளைப் பக்கத்தில் நன்றாகத் தெரிகிறது: மஞ்சள் கலந்த பழுப்பு, காவிக்குப் பக்கமான நிறம். படம் இணைத்திருக்கிறேன். கறுப்புப் பக்கத்திலும் அதே நிறம்தான், கொஞ்சம் வெளிறித் தெரிகிறது.

நுண்ணோக்கி:
பொருந்துகிறது. இனி எனக்குச் சந்தேகம் இல்லை, டாப்பினெல்லா அட்ரோடொமென்டோசாதான். கறுப்பாக வந்திருந்தால் பைனுக்கு அடியில் வரும் க்ரூகோம்ஃபஸ் பக்கம் போயிருப்பேன். அதற்கும் செவுள் தண்டில் இறங்கும். வெள்ளையாக வந்திருந்தால் நியோலென்டினஸ். அதுவும் ஊசியிலைக் கட்டையில்தான் வளரும், ஆனால் அதன் செவுள் விளிம்பு அரம்போல இருக்கும், குடையில் செதில் இருக்கும்.

நுண்ணோக்கி கிடைத்தால் ஸ்போரையும் அளந்து பாருங்கள். இதன் ஸ்போர் சிறியது, நீளம் 5 முதல் 6 மைக்ரான் அளவு. பாக்ஸில்லஸ் இன்வொலூட்டஸுக்கு 7-க்கு மேல் போகும். அயோடின் கலந்த மெல்ட்சர் கரைசலில் டாப்பினெல்லாவின் ஸ்போர் செம்பழுப்பாக மாறும். பெயர் சொல்ல இதெல்லாம் தேவையில்லை, ஆசைக்குச் செய்யலாம்.

புதுவரவு:
நல்ல இழை. நானும் பைன் அடிக்கட்டையில் ஒன்று பார்த்தேன். மஞ்சள் குடை, மேலே ஊதாச் சிவப்பில் பொடிப்பொடியாகச் செதில், செவுள் நல்ல மஞ்சள். அதுவும் இதுவா?

நுண்ணோக்கி:
இல்லை, அது டிரைக்கோலோமாப்சிஸ் ருட்டிலன்ஸாக இருக்க வேண்டும். செவுள் தண்டில் இறங்காது, ஸ்போர் வெள்ளை. அச்சு எடுத்துப் பார்த்துவிட்டுத் தனி இழை தொடங்குங்கள். அதுவும் சாப்பிட லாயக்கில்லை.

ஒரு எச்சரிக்கை, கரண்டிக்கும் சேர்த்து. ஊசியிலைக் கட்டையில் முளைத்தது என்பது இனத்தைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை. கலெரினா மார்ஜினாட்டா என்ற சிறிய பழுப்புக் காளானும் அதே கட்டையில் வரும். அமனிட்டா ஃபல்லாய்டஸில் இருக்கும் அதே அமாடாக்சின் நஞ்சு அதிலும் உண்டு. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவும் தெரியாது, பிறகு ஈரலைத் தாக்கும். அப்புறம் கட்டையைத் தாண்டி அதே காட்டின் பாசியில் கார்டினேரியஸ் ருபெல்லஸ் நிற்கும். அதில் உள்ள ஒரெல்லனைன் சிறுநீரகத்தை அழிப்பது. அறிகுறி தெரியச் சில நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகும். அதற்குள் சாப்பிட்டதையே மறந்துவிட்டிருப்பீர்கள்.

யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், மிச்சக் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு.

தச்சன்:
எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் உயிரோடு நிற்கும் பைன் மரங்களுக்கு இது பரவுமா? கட்டையைத் தோண்டி எடுத்துவிட வேண்டுமா? பைன் மரத்தில் கட்டிய வீட்டுக்குள் வருமா?

நுண்ணோக்கி:
தோண்ட வேண்டாம். இது செத்த கட்டையையும் வேரையும் தின்பது, நன்றாக இருக்கும் மரத்தைத் தேடிப்போய்க் கொல்லும் வகை அல்ல. கட்டையை விட்டுவைத்தால் அது மட்கி மண்ணாகும் வரை சில பருவங்களுக்குக் காளான் அங்கேயே வரும்.

வீட்டு மரத்தில் வருவது இதன் உறவினரான டாப்பினெல்லா பானுவாய்டஸ். தண்டே இல்லாமல் விசிறிபோல் பலகையில் ஒட்டி வளரும். சுரங்கங்களில் முட்டுக்கொடுத்த மரங்களிலும் ஈரம் ஏறிய கட்டட மரத்திலும் அது பழுப்பு அழுகலை உண்டாக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இப்படிப்பட்ட பூஞ்சைகளால் வளர முடியாது. ஆகவே விசிறியைக் கண்டால் சுரண்டி எடுப்பதோடு நிறுத்தாமல் தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று பாருங்கள். கசிவை அடைத்து, அழுகிய பகுதியை வெட்டி மாற்றி, மரத்தை உலர விட்டால் போதும்.